இரை மறுக்கும் பாம்பு

உறைவிப்பானிலிருந்து எடுத்து வெதுவெதுப்பாக்கிய எலியை நீண்ட இடுக்கியில் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டுகிறார்கள். பொந்தின் வாசலில் பாம்பின் தலை தெரிகிறது. பிளவுபட்ட நாக்கு நாலைந்து முறை வெளியே வந்து போகிறது. கழுத்து பின்னுக்கு இழுத்து வளைந்தால் பாயப்போகிறது என்று பொருள். இன்று கழுத்து வளையவில்லை. நாக்கின் வேகம் குறைகிறது, தலை ஒரு பக்கமாகத் திரும்புகிறது. பாம்பு எலியின் மேலேயே ஊர்ந்து போய் மறு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்கிறது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்க்கும் வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் அரிது. முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் மாதம் கவலை பிடிக்கிறது. நான்காம் மாதம், வாயைத் திறந்து உள்ளே தள்ளிவிடலாமா என்ற எண்ணம் வருகிறது. பல பாம்புகளுக்கு உண்மையான ஆபத்து அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது.

இப்படி மறுப்பதற்குப் பேர்போன இனம் ‘பால் பைத்தான்’ (ball python). கானா, டோகோ, பெனின் முதலான ஆப்பிரிக்க நாடுகளில் வாழும் இந்தச் சிறிய மலைப்பாம்பு, மிரண்டால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுவிடும். பிரிட்டனில் ‘ராயல் பைத்தான்’ என்கிறார்கள். நீளம் பெரும்பாலும் நாலைந்து அடி, சாதுவான குணம், ஆயுளும் நீளம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் வந்து சேர்ந்த பெண் பாம்பு ஒன்று, அறுபது வயதைத் தாண்டி 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. வளர்ப்பவர்கள் விரும்பும் எல்லாக் குணமும் இதனிடம் உண்டு. கூடவே, மாதக்கணக்கில் இரையைத் திரும்பிப் பார்க்காமல் கிடக்கும் குணமும் உண்டு.

அந்தக் கெட்ட பெயருக்குப் பாம்பு மட்டும் பொறுப்பல்ல. 1980களிலும் 90களிலும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பால் பைத்தான்களில் பெரும்பகுதி காட்டில் பிடிபட்டவை. பொந்திலிருந்து தோண்டி எடுத்து, சாக்கில் அடைத்து, விமானத்தில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். வரும்போதே உடலில் உண்ணியும் குடலில் புழுவும் இருந்தன. அதுவரை பார்த்தறியாத வெள்ளை எலியை அவற்றின் முன் போட்டால் அவை தொடவில்லை. ‘சாப்பிடாத பாம்பு’ என்ற பட்டம் அப்போது ஒட்டியது. 1992இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் கருநிறமி இல்லாத (அல்பினோ) பால் பைத்தான் குஞ்சுகளைக் கூண்டிலேயே பொரிக்க வைத்த பிறகு, நிறவகைகளுக்காக வீட்டில் இனப்பெருக்கம் செய்வது பெரிய தொழிலாக வளர்ந்தது. கூண்டில் பொரிந்து, முதல் இரையே வெள்ளெலியாகக் கண்ட குஞ்சுகள் அவ்வளவு அடம்பிடிப்பதில்லை. ஆனாலும் பட்டினி கிடக்கும் பழக்கம் இனத்தின் இரத்தத்திலேயே இருப்பதால், அது முற்றிலும் போய்விடவும் இல்லை.

மனிதர்களுக்கு இது புரியாததற்குக் காரணம், நம் பசியை அளவுகோலாக வைத்துப் பாம்பின் பசியை அளப்பதுதான். உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டிய தேவை பாம்புக்கு இல்லை. அதனால் அதன் செலவும் மிகக் குறைவு. ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் மெக்கியூ என்ற ஆய்வாளர் பால் பைத்தான், எலிப்பாம்பு, டைமண்ட்பேக் கிலுகிலுப்பை விரியன் ஆகிய மூன்று இனங்களிலிருந்து 62 பாம்புகளை ஏறத்தாழ ஆறு மாதம் உணவின்றி வைத்துக் கவனித்தார். 2007இல் வெளியான முடிவு வியக்கத்தக்கது. சில பாம்புகள் தம் உடலின் ஓய்வுநிலைச் செலவை 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டன. அதைவிட ஆச்சரியம், பட்டினி கிடந்த காலத்திலேயே அவை நீளத்தில் வளர்ந்தன.

மறுபக்கம், உண்பது பாம்புக்குச் சாதாரண வேலை இல்லை. பர்மிய மலைப்பாம்புகளை வைத்து ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டைமண்டும் 1990களில் தொடங்கிய ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. பசித்திருக்கும் பாம்பின் இரைப்பையில் அமிலமே கிட்டத்தட்ட இருக்காது. இரை உள்ளே போன பிறகுதான் அமிலம் சுரக்கிறது, சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது, உடலின் எரிபொருள் செலவு பல மடங்கு உயர்கிறது. இதயம்கூட இரண்டே நாளில் 40 சதவீதம் பெருக்கிறது என்று 2005இல் இன்னொரு குழு கண்டறிந்தது. இத்தனை இயந்திரங்களையும் ஒரே நேரத்தில் இயக்க வெளியிலிருந்து வெப்பம் வேண்டும். ஓரிரு வாரம் தொந்தரவில்லாமல் படுத்துக் கிடக்கப் பாதுகாப்பான இடமும் வேண்டும். வயிற்றில் இரையோடு கிடக்கும் பாம்பால் வேகமாக ஓட முடியாது, எதிரியிடமிருந்து தப்புவதும் கடினம். அதனால் சூடும் பாதுகாப்பும் உறுதிப்படாத இடத்தில் பாம்பு வாயைத் திறப்பதில்லை. வளர்ப்போர் அறிய வேண்டிய அடிப்படை இதுதான். மற்ற உபாயங்கள் எல்லாம் இதற்குப் பிறகு.

ஆகவே இரையை மாற்றுவதற்கு முன் கூண்டைப் பார்க்க வேண்டும். பால் பைத்தானுக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸும், மறுபக்கம் 25, 26 டிகிரியும் இருப்பது நல்லது. சூடு வேண்டும்போது ஒரு பக்கமும் போதும் என்னும்போது மறுபக்கமும் பாம்பு தானே நகர்ந்துகொள்ளும். பலரும் கூண்டின் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானியை நம்புகிறார்கள். பாம்பு படுப்பதோ தரையில். சுவரில் 31 காட்டும் கூண்டில் தரை 26இல் இருக்கலாம். விளக்குக்கு நேர் கீழே 40ஐத் தொடலாம். பாம்பு படுக்கும் இடத்திலேயே உணரியை வைத்து அளந்து, சூட்டைத் தெர்மோஸ்டாட் மூலம் கட்டுப்படுத்தினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. குளிர்ச்சியில் உண்ட இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகி வாந்தியாக வெளியே வரும். வாந்தியோடு உடல்நீரும் போவதால் அது பட்டினியைவிடப் பாம்பை அதிகம் வாட்டும். அப்படி நடந்தால் குறைந்தது இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, வழக்கத்தைவிடச் சிறிய இரையோடு தொடங்குவதே முறை.

அடுத்தது ஒளிவிடம். காட்டில் பால் பைத்தான் பகலைக் கழிப்பது எலிவளைகளிலும் கறையான் புற்றுகளிலும். உடம்பு நாலாபுறமும் உரசும் இறுக்கமான இருட்டில்தான் அது அமைதியாக இருக்கும். கண்ணாடித் தொட்டியின் நடுவே அழகுக்காக ஒரு மரத்துண்டை மட்டும் போட்டு வைத்தால், நாள் முழுவதும் வெட்டவெளியில் நிற்பதாகவே அது உணரும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு பொந்துகள் தேவை. ஒரே ஒரு பொந்து குளிர்ந்த பக்கத்தில் இருந்தால் பாம்பு பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்துச் சூட்டைக் கைவிடும். பிறகு செரிமானத்துக்கு வழியில்லை என்று இரையையும் கைவிடும்.

கூண்டின் அளவு பற்றி வளர்ப்போரிடையே நெடுங்காலச் சண்டை ஒன்று நடக்கிறது. நூற்றுக்கணக்கில் பாம்பு வைத்திருக்கும் அமெரிக்கத் தொழில்முறையினர், அடுக்கலமாரியில் இழுப்பறை போன்ற சிறிய பிளாஸ்டிக் பெட்டிகளில் வைக்கிறார்கள். பெரிய கூண்டுக்கு மாற்றினால் பாம்பு மிரண்டு சாப்பிடாது என்பது அவர்கள் வாதம். உடலை நீட்டிக்கூடப் படுக்க முடியாத பெட்டியில் உயிரை அடைப்பது கொடுமை என்பது எதிர்த்தரப்பு. அனுபவங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, பாம்பை மிரட்டுவது இடத்தின் பரப்பு அல்ல, வெறுமை என்று தெரிகிறது. ஆறடிக் கூண்டானாலும் இலைச்சருகும் மரப்பட்டையும் கொடிகளும் நெருக்கமாக நிரப்பியிருந்தால் பாம்பு நன்றாகவே உண்கிறது. சின்னப் பெட்டியில் உண்கிறது என்பது அங்கே அது நலமாக வாழ்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இரை போடுவதற்காகப் பாம்பைத் தனிப் பெட்டிக்கு மாற்றும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. கூண்டிலேயே ஊட்டினால் உள்ளே வரும் கையை எல்லாம் இரையென்று கடிக்கப் பழகிவிடும் என்ற அச்சமே காரணம். உண்பதற்குச் சற்று முன் பாம்பைத் தூக்கி அந்நிய இடத்தில் விடுவதும், வயிறு நிறைந்ததும் மறுபடி தூக்குவதும், கூச்சமுள்ள இனத்தை மறுக்க வைக்கவும் வாந்தி எடுக்க வைக்கவும் மட்டுமே உதவும். புதிதாக வந்த பாம்பை ஒரு வாரமாவது யாரும் தொடக்கூடாது. மறுத்துக்கொண்டிருக்கும் பாம்பை, அது வரிசையாக இரண்டு மூன்று முறை உண்ணும் வரை கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் காட்டப்படும் பாம்பு மறுப்பதில் வியப்பில்லை.

கூண்டில் எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கிறதா? அடுத்துப் பார்க்க வேண்டியது நாட்காட்டி. மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த இனம் கூடிக் கருத்தரிப்பது குறிப்பிட்ட பருவத்தில். பெண் பாம்பு முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் அசையாமல் அடைகாக்கும். கருவுற்ற காலத்தின் பிற்பகுதியும் அடைகாக்கும் காலமும் சேர்ந்தால் பல மாதப் பட்டினி. ஆண் பாம்புக்கோ இணை தேடுவது ஒன்றே அப்போது வேலை. இந்தக் கடிகாரம் லண்டன் அடுக்குமாடியில் பொரிந்த குஞ்சிடமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வட அரைக்கோளக் குளிர்காலத்தில், இரவு வெப்பம் சற்றே இறங்கியதும், வயதுவந்த ஆண் பாம்புகள் உண்பதை நிறுத்தி வசந்தத்தில் மீண்டும் தொடங்குவதைப் பெரும்பாலான வளர்ப்போர் பார்த்திருக்கிறார்கள். சட்டை உரிக்கும் நாட்களையும் இதோடு சேர்க்க வேண்டும். கண் பால்போல் வெளுத்து, தோல் மங்கி, பார்வை தடைபட்டிருக்கும் அந்த ஒரு வாரம் பல பாம்புகள் எதையும் தொடா.

இன்னொரு காரணத்தை வளர்ப்போர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். அளவுக்கு மீறித் தீனி கொடுப்பதே அது. வேகமாக வளர வேண்டும், சீக்கிரம் முட்டையிட வேண்டும் என்று வாரம் தவறாமல் பெரிய எலியாகக் கொடுத்த பாம்பு, மூன்று வயதில் கழுத்துக்குக் கீழே கொழுத்துப் போய் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொள்கிறது. வயதுவந்த பால் பைத்தானுக்கு உடல் எடையில் ஐந்து ஆறு சதவீத அளவுள்ள இரை, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். கொழுத்த பாம்பு உண்ணாமல் இருந்தால் அது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்று விட்டுவிடலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதைச் சமையலறைத் தராசு சொல்லிவிடும். மறுக்கத் தொடங்கிய நாளில் ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாம்பை மூடியுள்ள டப்பாவில் வைத்து நிறுத்துக் குறித்துக்கொண்டால் போதும். நாலு மாதம் உண்ணாமலும் எடை அசையாத பாம்பு நலமாக இருக்கிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்பது பொதுவான வழக்கம். தராசு இல்லாதவர்களுக்கு முதுகைப் பார்த்தாலே தெரியும். உருண்டையாக இருக்க வேண்டிய உடல் கூரை வடிவில் சரிந்து, முதுகெலும்பு வரிசையாகத் துருத்தினால் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். பட்டினியைத் தாங்கும் பாம்பு தாகத்தைத் தாங்காது.

குஞ்சுகளின் கதை வேறு. அவற்றுக்குப் பொரிந்தபோது வயிற்றுக்குள் வாங்கிக்கொண்ட மஞ்சள் கரு தவிர வேறு சேமிப்பு இல்லை. முதல் சட்டை உரித்த பிறகு சில வாரங்களில் உண்ணத் தொடங்காவிட்டால் வேகமாக மெலியும். இந்த இடத்தில்தான் பாம்பு வளர்ப்பின் மிக நுட்பமான அறிவு தேவைப்படுகிறது. அது வாசனை பற்றிய அறிவு.

பாம்பு நாக்கை நீட்டுவது சுவைக்க அல்ல, முகர. காற்றிலும் தரையிலும் உள்ள வேதித்துகள்களை நாக்கு வாரிக்கொண்டுபோய் மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் சேர்க்கிறது. இது இரையா இல்லையா என்ற தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் எழுதப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் கார்டன் பர்காட் 1960களில் ஓர் எளிய சோதனை செய்தார். பிறந்ததிலிருந்து எதையும் உண்ணாத கார்ட்டர் பாம்புக் குட்டிகள் முன், மண்புழு, மீன் போன்றவற்றின் சாற்றில் நனைத்த பஞ்சுக்குச்சிகளை நீட்டினார். குட்டிகள் தம் இனம் காட்டில் எதை உண்ணுமோ அந்த வாசனைக்கு நாக்கை வேகமாக நீட்டின. சில பஞ்சையே கடித்தன. யாரும் கற்றுத்தராத விருப்பம் அது. கலிஃபோர்னியாவில் ஸ்டீவன் ஆர்னால்ட் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஒரே இனக் கார்ட்டர் பாம்பு கடலோரத்தில் ஓடில்லா நத்தையை உண்டு வாழ்கிறது; உள்நாட்டில் மீனும் தவளையும் உண்கிறது. கடலோரத் தாய்க்குப் பிறந்த குட்டிகளில் பெரும்பாலானவை அந்த நத்தையை ஏற்றன. உள்நாட்டுக் குட்டிகளில் பல பட்டினி கிடந்தாலும் தொடவில்லை.

எலிக்குஞ்சை முகர்ந்துவிட்டு ஒதுங்கும் பாம்புக்குட்டி பிடிவாதம் பிடிக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அதன் மூளையில் ‘உணவு’ என்று பதிந்திருக்கும் வாசனை வேறு. வட அமெரிக்காவின் பன்றிமூக்குப் பாம்பு காட்டில் தேரைகளை விரும்பி உண்ணும். அதன் குட்டிக்கு எலிக்குஞ்சு ஓர் அந்நியப் பொருள். தண்ணீரில் அடைத்த டூனா மீன் டப்பாவின் சாற்றில் எலிக்குஞ்சைப் புரட்டிக் கொடுத்தால் பல குட்டிகள் ஏற்கின்றன. டெக்சாஸ் மலைகளின் சாம்பல் பட்டை அரசப் பாம்புக் குட்டிகளுக்குப் பல்லி வேண்டும். ஒரு பல்லியின் மேல் எலிக்குஞ்சை நன்றாகத் தேய்த்தாலோ, பல்லி உரித்த தோலின் துணுக்கை அதன் மூக்கில் ஒட்டினாலோ போதும். கார்ன் பாம்புக் குட்டிகளுக்கும் இதே வழி பலிக்கிறது. பாம்பையே உணவாகக் கொண்ட ராஜநாகத்தை எலிக்குப் பழக்க, எலிமேல் வேறு பாம்பின் வாசனை ஏற்றித் தரும் காட்சிசாலைகள் உண்டு. வாசனையை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால், சில மாதங்களில் வெறும் எலியையே ஏற்கும் நிலைக்குப் பாம்பு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: வாசனைக்கு மீன் சாறு சரி, தினசரி உணவாகத் தங்கமீன் போன்றவற்றைப் பச்சையாகக் கொடுத்தால் அவற்றிலுள்ள நொதி ‘பி1’ வைட்டமினை அழித்து, பாம்புக்கு நரம்புக் கோளாறு வரும்.

பால் பைத்தானுக்கும் சொந்த ருசி உண்டு. லூகா லுயிசெல்லியும் ஃபிரான்செஸ்கோ ஆஞ்செலிசியும் தென்கிழக்கு நைஜீரியாவில் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, 70 சென்டிமீட்டருக்குக் குறைந்த பாம்புகள் பெரும்பாலும் பறவைகளை உண்டன, ஒரு மீட்டரைத் தாண்டியவை சிறு பாலூட்டிகளை உண்டன. மரமேறும் பழக்கம் அதிகமுள்ள ஆண்கள் பெண்களைவிட அதிகம் பறவை தின்றன. சுண்டெலியையும் வெள்ளெலியையும் மாறி மாறி மறுத்த பால் பைத்தான், ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சையோ, மாஸ்டோமிஸ் என்னும் ஆப்பிரிக்க மென்மயிர் எலியையோ கண்டதும் பாய்வதில் வியப்பில்லை. அது மூதாதையரின் இரை.

வாசனைக்கு அடுத்தது சூடு. மலைப்பாம்புகளின் உதடுகளில் உள்ள சிறு குழிகள் வெப்பத்தைப் ‘பார்க்கும்’ உறுப்புகள். அறைச்சூட்டில் உள்ள செத்த எலி அவற்றுக்குக் கல்லோடு கல்லாகத் தெரியும். ஆகவே உறைந்த எலியைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க இளக விட்டு, ஊட்டுவதற்குச் சற்று முன் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சுடுநீரில் அமிழ்த்தி, மேல்தோல் 38 முதல் 40 டிகிரி வரும்படி சூடாக்க வேண்டும். பை இல்லாமல் நீரில் போட்டால் வாசனை கழுவிப் போகும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்; ஓரிடம் வெந்தும் ஓரிடம் உறைந்தும் கிடக்கும், சில நேரம் வெடிக்கும். தீனி எலிகள் வழியாக வீட்டாருக்கு சால்மொனெல்லா தொற்றிய நிகழ்வுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பதிவாகியிருப்பதால், சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இரவில், விளக்கை அணைத்து, முதலில் தலை சூடாக இருக்கும்படி எலியைப் பொந்தின் வாசலில் காட்ட வேண்டும். உயிருள்ள எலி பாம்பின் முகத்தை நோக்கி வருவதில்லை. ஓரமாகக் கடந்து, நின்று, விலகிப் போகும். இடுக்கியின் அசைவும் அப்படி இருந்தால் பாம்பு நம்பும். முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருந்தால் பயந்து ஒளியும்.

அசைவே பிடிக்காத கூச்சப் பாம்புகளும் உள்ளன. அவற்றுக்கு எலியைப் பொந்தின் வாசலில் வைத்துவிட்டு, கூண்டைத் துணியால் மூடி, காலை வரை அறைக்குள் போகாமல் இருப்பதே சிறந்த வழி. குட்டிப் பாம்பையும் எலிக்குஞ்சையும் காற்றோட்டத் துளையுள்ள சிறு டப்பாவில் ஒன்றாக இருட்டில் வைப்பது பழைய, நம்பகமான முறை. எலிக்குஞ்சின் மண்டையைச் சிறிது கீறி மூளையின் வாசனை வெளிவரச் செய்வது பார்க்கச் சங்கடமானது. ஆனால் பல குட்டிகளின் உயிரைக் காத்தது. எதைச் செய்தாலும் தினம் தினம் செய்யக்கூடாது. ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே ஐந்து முதல் பத்து நாள் இடைவெளி வேண்டும். நாள்தோறும் எலியை ஆட்டிக் காட்டப்படும் பாம்பு, இடுக்கியைக் கண்டாலே ஒளியக் கற்றுக்கொள்கிறது.

உயிருள்ள எலியைப் போட்டால் சாப்பிடுமே என்பார்கள். சாப்பிடலாம். பசியில்லாத பாம்போடு இரவு முழுக்க அடைபட்ட எலிக்குப் பசி வந்தால் அது பாம்பைத் தின்னத் தொடங்கும். முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் கடிபட்ட பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். எலியின் வேதனையும் கணக்கில் வர வேண்டிய ஒன்று. வேறு வழியே இல்லாதபோது, கண்ணெதிரே, சில நிமிடங்கள் மட்டும் என்பதற்கு மேல் இதை நியாயப்படுத்த முடியாது.

கூண்டு சரி, பருவமும் சரி, வாசனையும் சூடும் காட்டியாயிற்று. எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. இது நோயின் களம். ஈறு சிவந்து வாயில் சீழ் கட்டியிருந்தால் விழுங்குவதே வலி. மூக்கில் குமிழி, மூச்சில் சத்தம், வாயைத் திறந்தபடி தலையை உயர்த்தி நிற்பது ஆகியவை நுரையீரல் தொற்றின் அடையாளங்கள். பால் பைத்தான்களில் இதற்குக் காரணமான நிடோவைரஸ் ஒன்றை 2014இல் கண்டறிந்தார்கள். உண்டதை வாந்தி எடுத்து, உடலின் நடுப்பகுதி மட்டும் வீங்கினால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மீது ஐயம் எழும். போவா பாம்புகளில் வாந்தி, பட்டினி, தலை வானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது என முற்றும் கொடிய நோய் ஒன்றுக்கு அரினாவைரஸ் வகையே காரணம் என்பதை 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். எச்சம், இரத்தம், எக்ஸ்ரே எனப் பரிசோதிக்காமல் இவற்றை ஊகிக்க முடியாது. பசியைத் தூண்டும் என்று மெட்ரோனிடசோல் மாத்திரையைத் தாமே கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அளவு மீறினால் அது பாம்பின் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.

வலுக்கட்டாயமாக ஊட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அதிலும் படிகள் உண்டு. எலிக்குஞ்சின் தலையைப் பாம்பின் வாயோரம் மெல்ல நுழைத்து, பல் மாட்டியதும் கையை எடுத்துவிட்டு அசையாமல் காத்திருந்தால், பல குட்டிகள் தாமாக விழுங்கிவிடும். இது உதவி. முழு இரையைத் தொண்டைக்குள் தள்ளுவது வேறு. அதில் உணவுக்குழாய் கிழியலாம், தாடை பிசகலாம், அந்த அச்சத்திலேயே பாம்பு மறுபடி வாந்தி எடுக்கலாம். தேவைப்பட்டால் திரவ உணவைக் குழாய் மூலம் இரைப்பையில் சேர்ப்பது மருத்துவர் கையால் நடக்க வேண்டிய வேலை. மிக மெலிந்த பாம்புக்கு முதலில் தண்ணீர்ச்சத்து, பிறகு மிகச் சிறிய உணவு. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று பெரிய இரை கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, பிழைக்க வேண்டிய பாம்பு செத்துப்போகலாம்.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டையும் தொட்டுவிட்டது. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த பைகளைச் சுங்கத் துறையினர் திறந்தபோது உள்ளே 45 பால் பைத்தான்களும் 8 கார்ன் பாம்புகளும் இருந்தன. அத்தகைய பயணத்தைத் தாண்டி வந்து யாரோ ஒருவர் வீட்டில் சேரும் பாம்பு, 1980களின் அமெரிக்கக் கடைப் பாம்பைப் போலவே இரையை மறுக்கும். சாரை, நாகம், மலைப்பாம்பு, மண்ணுளி என நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. பால் பைத்தான் போன்ற, பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவர் மருத்துவரிடம் போகத் தயங்குகிறார். அதற்குள் பாம்பு எலும்பும் தோலுமாகிவிடுகிறது.

இன்னொன்றும் நம் ஊருக்கே உரியது. மெலிந்த பாம்பைக் கண்டால் கிண்ணத்தில் பால் வைக்கும் கை நம்முடையது. பாலைச் செரிக்கும் ஏற்பாடு பாம்பின் உடலில் இல்லை. பாம்பாட்டிகளிடம் நாகம் பால் குடிப்பதைப் பார்த்தவர்கள், அது பல நாள் தண்ணீர் காட்டப்படாமல் வறண்டுபோன நாகம் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். தாகத்தில் எந்தத் திரவம் கிடைத்தாலும் அது குடிக்கும், பிறகு நோயுறும். உண்ணாத பாம்பு ஒன்று உங்கள் பொறுப்பில் இருந்தால் பாலும் முட்டையும் வேண்டாம், வாயைத் திறக்கவும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் வையுங்கள், தரையின் சூட்டை அளந்து பாருங்கள், எடையைக் குறித்துவையுங்கள், ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அந்தக் குறிப்போடு செல்லுங்கள். வழிதவறி வீட்டுக்குள் வந்த நாட்டுப் பாம்பாக இருந்தால், அதற்கு ஊட்ட முயலாமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.